தவிட்டுக்கு விற்ற பிள்ளை

என் தலைப்பிள்ளையை ஒரு படி தவிட்டுக்கு விற்றவள் நான். இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பெண்கள் கண்ணை அகல விரிக்கிறார்கள், என்னமோ நான் அவனைச் சந்தையில் கூறு கட்டி வைத்தது போல. எங்கள் பக்கத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. பிள்ளை தங்காத வீட்டில், நோஞ்சானாய்ப் பிறந்த வீட்டில், பெற்றவள் தன் கையாலேயே பிள்ளையை நெல் புடைக்கிற சுளகில் கிடத்தி, பிள்ளைகள் எல்லாம் நல்லபடியாக இருக்கிற இன்னொருத்தியிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் பதிலுக்குத் தவிடு அளந்து போடுவாள். அன்று முதல் பிள்ளை அவளுடையது. வளர்ப்பதென்னவோ பெற்றவள்தான், ஆனால் 'என் பிள்ளை' என்று வாயால் சொல்லக் கூடாது. தவிட்டு விலைக்குப் போன சரக்கை எமன்கூடச் சீண்ட மாட்டான் என்பது கணக்கு. பிள்ளை தேறிய பிறகு, விற்றவளே போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மற்ற வீடுகளில் எமனை ஏமாற்றத்தான் விற்றார்கள். எமன் ஏமாந்தானோ இல்லையோ, என் விஷயத்தில் அந்த ஒரு படி தவிடு என்னைக் காப்பாற்றியது. எப்படி என்று சொல்கிறேன்.

எனக்குப் பிறந்த வீடு சமயநல்லூர். வயலும் மாடும் வைக்கோற்போருமாய் இருந்த வீடு. கட்டிக்கொடுத்தது மதுரை டவுனில் பள்ளிக்கூட வாத்தியாருக்கு. அவருக்கும் பூர்வீகம் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம்தான். படித்துவிட்டதால் மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாது என்று என் அண்ணன்மார் கேலி செய்வார்கள். தெற்குவெளி வீதிப் பக்கம் எங்களுக்கு ஒண்டுக்குடித்தனம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் வளைகாப்பு முடிந்ததும் என்னைச் சமயநல்லூருக்கு ரயிலேற்றிவிட்டார்கள். இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு ஓரிரு வருஷம் முந்தி.

வலி ஒரு காலையில் எடுத்தது. மறுநாள் உச்சிவெயில் ஏறிய பிறகும் விடவில்லை. நடுவில் நடந்ததையெல்லாம் எழுதப் போவதில்லை. பெற்றவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. கடைசியில் பிள்ளை வந்தது. நாவற்பழ நிறத்தில் இருந்தது. மருத்துவச்சி அதன் காலைப் பிடித்துத் தலைகீழாய்த் தூக்கி முதுகில் தட்டினாள். யாரோ ஒரு பித்தளைத் தாம்பாளத்தைக் கொண்டுவந்து அதன் காதோரம் கரண்டியால் அடித்தார்கள். அழாத பிள்ளைக்கு அப்படிச் செய்வது வழக்கம். டணார், டணார் என்று அந்தச் சத்தம் அறை முழுக்க நிறைந்தது. பிள்ளையின் கை துணி மாதிரித் தொங்கிற்று. எனக்குக் கீழே ரத்தம் நிற்கவில்லை. தாம்பாளச் சத்தம் தூரத் தூரப் போய்க்கொண்டே இருந்தது. அழுகைச் சத்தம் கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்தேன். கேட்கவில்லை. அதோடு எனக்கு நினைவு தப்பிவிட்டது.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் பிறர் சொல்லக் கேட்டதுதான். தொப்புள்கொடியை அறுக்காமல், அதோடு வந்த நஞ்சுக்கொடியைத் தணலில் சூடு காட்டினாளாம் மருத்துவச்சி. வெகுநேரம் கழித்துப் பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல் வந்ததாம். என்னை மாட்டு வண்டியில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், ரயிலில் படுக்கவைத்து, டவுனில் லேடி டாக்டர் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைக்க மாட்டேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான் யார் நினைப்பையும் அவ்வளவு லேசில் நிறைவேற்றிக் கொடுக்கிறவள் அல்ல. ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்து, எலும்பும் தோலுமாக எழுந்து வந்தேன்.

சமயநல்லூர் வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கி, உள்ளே போய் உட்கார்ந்ததும், என் ஆத்தா என் மடியில் ஒரு பிள்ளையைக் கிடத்தினாள்.

"இது யாரு பிள்ளை?" என்று கேட்டேன்.

ஆத்தா சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "ஓம் பிள்ளைதான்டி. வேற யாரு பிள்ளை?" என்றாள்.

நான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். சிவப்பாய், ஒல்லியாய், கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு கிடந்தது. நான் பெற்றது நீலமாக இருந்தது. அது செத்துப்போயிற்று, என் கண்ணால் பார்த்தேனே. இவள் நொந்து வந்திருக்கிறாள், மனசு தாங்காது என்று எங்கிருந்தோ ஒன்றைக் கொண்டுவந்து மடியில் போட்டிருக்கிறார்கள். எனக்கு அது பட்டப்பகல் போலத் தெளிவாக இருந்தது. அவர்கள் மேல் கோபம்கூட வரவில்லை. பாவம், எனக்காகத்தானே பொய் சொல்கிறார்கள் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

இப்படி ஒரு பெண்ணுக்குப் புத்தி போகுமா என்று கேட்பவர்கள் உண்டு. போகும். எனக்குப் போயிற்று. இதில் என் தப்பு என்று ஒன்றுமில்லை, அதனால் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. காலில் முள் குத்தினால் நொண்டுவதில்லையா?

பிள்ளைக்குச் செய்யவேண்டியதைச் செய்தேன். குளிப்பாட்டினேன், துணி மாற்றினேன், எனக்குப் பால் வற்றிப்போயிருந்ததால் சங்கில் ஆட்டுப்பால் புகட்டினேன். ஆனால் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அது வாயை மூடிச் சத்தமில்லாமல் கிடந்தால் போதும், மூச்சு வருகிறதா என்று மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்ப்பேன், உடனே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்கவைப்பேன். அடுக்களையில் தட்டு ஒன்று தவறி விழுந்தால் உட்கார்ந்த இடத்திலேயே வியர்த்துக் கொட்டும். காற்று கருப்பு அடித்துவிட்டது என்று கோடாங்கியைக் கூட்டிவந்தார்கள். அவன் உடுக்கையை எடுத்து அடித்ததும் எனக்கு அந்தத் தாம்பாளச் சத்தமே திரும்பி வந்த மாதிரி ஆகி, அவன் காலடியிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். பேய் இறங்கிவிட்டது என்று தட்சிணை வாங்கிக்கொண்டு போனான். அவன் பிழைப்பு அவனுக்கு.

பிள்ளையும் சரியாக இல்லை. மற்ற பிள்ளைகள் தலையைத் தூக்கிப் பார்க்கிற பருவத்தில் இவனுக்குக் கழுத்து நிற்கவில்லை. சிரிப்பு கிடையாது. வலது கையை முஷ்டியாக மூடினால் மூடினதுதான், பிரித்துவிட்டாலும் திரும்ப மூடிக்கொள்ளும். வாரக்கடைசியில் டவுனிலிருந்து ரயிலில் வந்துபோகிற வீட்டுக்காரர் அதைக் கவனித்துவிட்டு, எங்களை அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

லேடி டாக்டர் வளவளவென்று பேசுகிறவர் அல்ல. பிள்ளையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொறந்தப்ப மூச்சு வர ரொம்ப நேரமாயிருக்கு. மூளைக்கு அடிபட்டிருக்கும். எவ்வளவுன்னு எனக்குச் சொல்லத் தெரியலை. நடக்கலாம், நடக்காமலும் போகலாம். பேசலாம், பேசாமலும் போகலாம். இதுக்கு மருந்து இல்லை. ஆனா பச்சைப்பிள்ளை மூளை இன்னும் வளர்ந்துக்கிட்டுத்தான் இருக்கு. அவன்கிட்ட பேசுங்க. தூக்கிட்டுப் போய் நாலு எடத்தைக் காட்டுங்க. கை காலை அசைச்சு விடுங்க. சும்மா மட்டும் போட்டு வைக்காதீங்க."

"யாரு பேசணும்?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"அம்மாதான்," என்று டாக்டர் என்னைப் பார்த்தார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாரோ பெற்ற பிள்ளையிடம் நான் என்ன பேசுவேன்? அதன் மூளை என் வாயில்தான் இருக்கிறது என்றால், அதற்கு விடிவே இல்லை என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் ஆத்தா தவிட்டுக்கு விற்கிற யோசனையை எடுத்தாள். பிள்ளையும் தேறவில்லை, பெற்றவளும் தேறவில்லை, இரண்டுக்கும் சேர்த்து ஒரே வைத்தியம் என்றாள். வாங்குகிறவளாக அடுத்த வீட்டு மதினியைப் பிடித்தாள். மதினி என்றால் சொந்த மதினி இல்லை, முறைக்கு மதினி. நெல் அவித்துக் குத்திக் கொடுக்கிற வேலை அவளுக்கு. நாலு பிள்ளைகள், நாலும் இரும்புக் குண்டு மாதிரி. நான் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதத்தில் தன் கைப்பிள்ளையோடு சேர்த்து இவனுக்கும் பால் கொடுத்தவள் அவள்தான். வாய் கொஞ்சம் நீளம். தெருமுனையில் நின்று பேசினால் ரயில்வே கேட்டில் கேட்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. வாசலைச் சாணி தெளித்து மெழுகியிருந்தார்கள். பிள்ளையைச் சுளகில் கிடத்தி என் கையில் கொடுத்தாள் ஆத்தா. மதினி குளித்து, தலையில் ஈரத்துணியோடு, ஒரு படி நிறையத் தவிட்டை ஏந்திக்கொண்டு நின்றாள்.

"என்ன விலை?" என்று கேட்டாள்.

"தவிட்டு விலைதான்," என்றேன். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று ஆத்தா சொல்லிவைத்திருந்தாள்.

அவள் தவிட்டை என் முந்தானையில் கொட்டினாள். சுளகை வாங்கிக்கொண்டாள். பிள்ளையைத் தூக்கி நெஞ்சில் சாத்தி, "இனிமே இது எம் பிள்ளை, ஒருத்தரும் சொந்தம் கொண்டாடக் கூடாது," என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள். அதோடு சடங்கு முடிந்தது. ஆனால் மதினிக்குச் சும்மா இருக்கத் தெரியாதே. போனவள் திரும்பி வந்து பிள்ளையை என் மடியில் போட்டு, "இந்தா புள்ள, எனக்கு நெல்லு கெடக்கு. நீ சும்மாதான குத்தவச்சிருக்க, எம் பிள்ளைய செத்த நேரம் பாத்துக்க. வேலை முடிஞ்சதும் வந்து வாங்கிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, உலக்கையை எடுக்கப் போய்விட்டாள்.

அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். எனக்கோ நெஞ்சில் கட்டியிருந்த எதுவோ சட்டென்று அவிழ்ந்த மாதிரி இருந்தது. இத்தனை மாதம் இது உன் பிள்ளை, உன் பிள்ளை என்று ஆளாளுக்கு என்னை அடித்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குத்தான் ஊரறிய ஒருத்தி உண்மையைச் சொன்னாள். இது மதினி பிள்ளை. என் பிள்ளை செத்துப்போயிற்று, அது அது பாட்டுக்கு இருக்கட்டும். இது அடுத்த வீட்டுப் பிள்ளை, தாய் வேலைக்குப் போயிருக்கிறாள், வரும்வரை பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் பயப்பட என்ன இருக்கிறது? அடுத்த வீட்டுப் பிள்ளைகளை நான் எத்தனை பேரைத் தூக்கி வளர்த்திருக்கிறேன்!

அன்றைக்குத்தான் அவன் முகத்தை முதன்முதலாக நேராகப் பார்த்தேன். புருவமே இல்லாத, கிழவன் மாதிரி ஒரு முகம். "என்னடா," என்றேன். "ஒங்க ஆத்தா ஒன்னைய இங்கிட்டுப் போட்டுட்டு அங்கிட்டுப் போயிட்டாளே. இப்ப என்ன செய்யப் போற?"

பேச ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. எனக்குப் பேச ஆளில்லாமல் நாக்கு துருப்பிடித்துப் போயிருந்தது. என் நாத்தனாரைப் பற்றிச் சொன்னேன். டவுன் வீட்டில் குழாயடிச் சண்டையைப் பற்றிச் சொன்னேன். ஆத்தா குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டுவதைப் பற்றிச் சொன்னேன். அவன் என் வாயையே பார்ப்பான். ஒரு நாள் அந்தக் கோடாங்கி மாதிரித் தலையை ஆட்டி, மூக்கால் முனகிக் குறி சொல்லிக் காட்டினேன். அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. என்னமோ ஆகிவிட்டது என்று பதறிப்போய், பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறான். கோடாங்கிக்குக் கொடுத்த தட்சிணை அன்றைக்குத்தான் செரித்தது.

மதினி நெல் குத்துகிற இடத்துக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போவேன். அவள் பிள்ளையை அவளிடம் காட்ட வேண்டாமா? உலக்கை இறங்குகிற தாளத்துக்கு அவன் கண் மேலும் கீழும் போகும். புதிதாகக் குத்திப் புடைத்த தவிடு கதகதவென்று இருக்கும். அவனுடைய மூடின கையை அதற்குள் புதைத்து வைப்பேன். சூட்டுக்கு விரல் ஒவ்வொன்றாக இளகி, தவிட்டைத் துழாவும். தினம் இதே வேலை. வாய்க்கால் தண்ணீரில் காலை நனைத்துக் காட்டினேன். ரயில் வரும் நேரத்துக்கு ஸ்டேஷன் வேலியோரம் நின்று, "அந்தா பாரு, வாத்தியாரு வாராரு," என்பேன். முதலில் புகையைப் பார்த்தான், பிறகு சத்தம் வந்ததுமே கழுத்தைத் திருப்பினான். கழுத்து நின்றுவிட்டது என்று மதினிதான் தெரு முழுக்கத் தண்டோரா போட்டாள்.

ஆத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. தவிட்டுச் சடங்கு பலித்துவிட்டது என்று குலசாமிக்குக் கிடா நேர்ந்துகொண்டாள். வீட்டுக்காரருக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நாங்கள் அவரிடம் சொல்லாமலே செய்துவிட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவரிடம் மதினியே வாய்விட்டுவிட்டாள்.

"பெத்த பிள்ளைய மாட்டுத் தீவனத்துக்கா விக்கிறது? இந்தக் காலத்துலயுமா?" என்று வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். சுயமரியாதைக் கூட்டங்களுக்கெல்லாம் போய்வருகிறவர். நேரே கடைக்குப் போய் அரை மூட்டைத் தவிட்டை வாங்கி, தன் தலையிலேயே சுமந்துவந்து, மதினி வீட்டு வாசலில் தொப்பென்று போட்டார். "இந்தா தங்கச்சி, ஒந் தவிடு வந்துருச்சு. எம் பிள்ளை திரும்பி வந்தாச்சு. இத்தோட இந்தப் பைத்தியக்காரத்தனத்த விடுங்க."

மதினி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "அண்ணே, கோவிச்சுக்காதீக. வித்தது நீங்க இல்லையே. வித்தவ வந்து கேக்கட்டும், குடுக்கிறேன். அதான் மொறை."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "போய்க் கேளு."

"நான் கேக்க மாட்டேன்," என்றேன்.

"ஏன்?"

"கேக்கத் தோணலை."

அதற்கு மேல் எனக்கு விளக்கம் சொல்லத் தெரியவில்லை. 'என் பிள்ளை' என்று நான் சொன்ன அந்த நிமிஷமே மறுபடி அவன் மூக்குக்கு நேரே விரலை வைக்க ஆரம்பித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். பிள்ளை என் தோளில் தலையைத் தூக்கிக்கொண்டு, உலக்கைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்தாரோ என்னவோ, வீட்டுக்காரர் தலையிலிருந்த தவிட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அரை மூட்டைத் தவிட்டை மதினி வீட்டுப் பசு வைத்துத் தின்றது.

பிறகு டவுனுக்கு வந்துவிட்டோம். அந்த வருஷங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. பகுத்தறிவு பேசுகிற வாத்தியாரும், மதினி பிள்ளையை வளர்க்கிற நானும் ஒரே கூரைக்குக் கீழே. அவர் அவனை மடியில் வைத்துக்கொண்டு பேப்பரை உரக்கப் படிப்பார். ஜெர்மனிக்காரன் எங்கே முன்னேறினான், எங்கே பின்வாங்கினான் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. சுவர் நெடுக ஆணியடித்து, அவன் இடுப்பு உயரத்துக்குக் கயிறு கட்டினார். வீட்டை வாடகைக்கு விட்டிருந்த அம்மா சுவரைக் குத்திக் குதறிவிட்டதாகச் சண்டைக்கு வந்தாள். நான் பதிலுக்கு நாலு கேட்டேன். மற்ற பிள்ளைகள் ஓடியாடுகிற வயதில் அவன் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதற்கப்புறம் வெகுநாள் கழித்து வலது காலை இழுத்து இழுத்து நடந்தான். மண்ணெண்ணெய்க்குக் காத்து நிற்கிற வரிசையில் அவனையும் கூட்டிப் போவேன். எல்லோரும் கேட்பார்கள், "ஒங்க பிள்ளையா?" என்று. "ஊர்ல எங்க மதினி பிள்ளை, நான் பாத்துக்கிறேன்," என்பேன்.

பேச்சும் வந்தது. நான் அவனிடம் பேசும்போதெல்லாம் என்னை 'அக்கா' என்றுதான் சொல்லிக்கொள்வேன். விற்றவள் அம்மா என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அதனால் அவன் வாயில் வந்த முதல் வார்த்தை 'க்கா'. வீட்டுக்காரருக்கு முகம் தொங்கிப்போயிற்று. எனக்கு அன்று கொண்டாட்டம், தெருவில் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தேன். பிறகு சோறு, தண்ணி, ரயில், வாத்தியார் என்று ஒவ்வொன்றாக வந்தது. கேட்டால் பதில் சொல்வான். வேண்டியதைக் கை காட்டிப் பேர் சொல்வான். அதற்கு மேல் அவன் மண்டைக்குள் என்ன ஓடுகிறது, ஏதாவது ஓடுகிறதா என்பது எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசு நெருங்க நெருங்க வீட்டுக்காரர் தூக்கமில்லாமல் புரண்டார்.

சந்தோஷமாகத்தான் இருந்தோம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். செத்துப்போன அந்த நீலப்பிள்ளை என்னை விட்டுப் போகவில்லை. இப்போது இருந்திருந்தால் அதற்கு இம்புட்டு வயசு ஆகியிருக்கும், இம்புட்டு உயரம் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அதே வயசுப் பிள்ளை, அதே உயரத்தில் என் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கும். இரண்டும் ஒன்று என்று போகப்போகப் புத்திக்குத் தெரிந்துவிட்டது. புத்திக்குத் தெரிந்து என்ன செய்ய?

அந்த வருஷம் பொங்கலுக்குச் சமயநல்லூர் போயிருந்தோம். மாட்டுப் பொங்கலன்று மதினி எங்கள் வீட்டுக்கு வந்தவள், அவன் தாடையைப் பிடித்து, "என்னடா, ஆத்தா வீட்ட எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்கிற? ஒனக்கு அதுதான்டா வீடு. வா, போவோம்," என்றாள். வழக்கமான கிண்டல்தான். அவன் எழுந்தான். கொடியில் கிடந்த தன் சட்டையை இடது கையால் இழுத்து எடுத்தான். காலை இழுத்துக்கொண்டு அவள் பின்னாடியே நடந்தான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம், நானும்தான்.

சாயங்காலம் ஆயிற்று, வரவில்லை. அண்ணன் மகளை அனுப்பிக் கூப்பிட்டேன். அவள் ஓடிவந்து சொன்னாள்: "வர மாட்டானாம் அத்தை. அதுதான் அவன் வீடாம். ஆத்தா வேலை முடிஞ்சு வந்து கூட்டிக்கிட்டாளாம்."

வீட்டுக்காரருக்குத் தரையில் கால் நிற்கவில்லை. "பாத்தியா? யோசிச்சிருக்கான்! நாம சொன்னது அம்புட்டையும் வச்சு, இதுக்கு இது அப்படின்னு சேத்துப் பாத்திருக்கான். அவனுக்கு எல்லாம் இருக்கு. மண்டையில எல்லாம் இருக்கு!" என்று அறையில் இங்கிட்டும் அங்கிட்டும் நடந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் புத்தி வர வேண்டும் என்றுதானே இத்தனை வருஷம் தவம் கிடந்தோம். வந்த புத்தி முதல் வேலையாக அவனை என்னிடமிருந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது. எனக்கு வயிறு எரிந்தது. பாதகத்தி, அவள் வீட்டில் அவனுக்குச் சோற்றைப் பிசைந்து கொடுக்க வேண்டும் என்று தெரியுமா? எந்தப் பக்கம் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும் என்று தெரியுமா? என் பிள்ளையை வைத்துக்கொள்ள இவள் யார்? நான் அப்படி நினைத்தது எனக்கே பிறகுதான் உறைத்தது.

விடிந்ததும் போனேன். தலையைக்கூட முடியவில்லை. மதினி வாசலில் நெல் குத்திக்கொண்டிருந்தாள். அவள் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பழையது சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவனும் ஒரு கும்பாவை மடியில் இடுக்கிக்கொண்டு இடது கையால் அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தான்.

"மதினி, எம் பிள்ளையக் குடு," என்றேன்.

அவள் உலக்கையை நிறுத்தவில்லை. "எந்தப் பிள்ளை?"

"எந்தப் பிள்ளைன்னு ஒனக்குத் தெரியாதா?"

"எனக்கு இங்க அஞ்சு கெடக்கு. சொல்லித்தான் கேக்கணும்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் பெத்த பிள்ளை. அழாமப் பொறந்துச்சே, நீலமா, அந்தப் பிள்ளை. எம் பிள்ளை," என்று கத்தினேன்.

சொல்லி முடித்ததும் உமிக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அத்தனை வருஷமும் தனித்தனியாய் இருந்த இரண்டு பிள்ளைகளையும் அன்றுதான் என் வாய் ஒன்றாக்கிச் சொன்னது. அழுதேன். வீட்டில் யார் செத்தபோதும் நான் அப்படி அழுததில்லை, ஆனால் அது துக்கத்தில் வந்த அழுகை இல்லை.

உலக்கை நின்றது. மதினிக்கும் கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் கலங்கவில்லை. "தவிடு எங்க?" என்றாள்.

"வாத்தியாரு கொண்டாந்து போட்டத ஒம் மாடு தின்னுச்சுல்ல. அதுதான் தவிடு."

"அது சரி," என்று சிரித்தாள். "கூட்டிட்டுப் போ. நல்லா வச்சுக்க."

அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஏன்க்கா அழல?" என்று கேட்டான்.

"அழுதுக்கிட்டுத்தானடா இருக்கேன்," என்றேன்.

"நீ இல்ல. நானு. பொறந்தப்ப நான் ஏன் அழல?"

அதுவரை அவன் எங்களிடம் எதையும் ஏன் என்று கேட்டதில்லை. மதினி என் தோளைப் பிடித்து அழுத்தினாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெரியவர்களுக்குச் சொல்கிற மாதிரியே அவனுக்குச் சொன்னேன். "ஒனக்கு மூச்சு வரலைடா. ரொம்ப நேரம் வரலை. நீ செத்துட்டேன்னு நெனச்சுட்டேன்."

அவன் யோசித்தான். நெற்றி சுருங்கிற்று. வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்கினான்.

"சாகலையே," என்றான். கும்பாவை என் பக்கம் சாய்த்துக் காட்டினான். "இங்கேரு, சாப்புடுறேன்ல?"

"ஆமாடா," என்று சொல்லி, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.